ஒட்டுப்பால் வரிசை

நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடு என்று கேட்டீர்கள். "நம்ம வாத்தியாரப் பத்தி நல்லதா நாலு வார்த்த. பழைய ஞாபகம், அவ்ளோதான்லா" என்று பீடோங் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் உட்கார வைத்து, ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்துக் கேட்டீர்கள். சாப்பிட்டுவிட்டேன், ஆகையால் எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் நல்லதாக நாலு வார்த்தை வரும் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை.

வாத்தியாருக்கு நீங்கள் எடுக்கும் பாராட்டு விழாவின் அழைப்பிதழைப் பார்த்தேன். வழவழப்பான தாள், நடுவில் அவர் படம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், தோளில் பொன்னாடை. கீழே "எங்கள் அறிவுக் கண்ணைத் திறந்த தெய்வம்" என்று தங்க எழுத்து. படித்ததும் எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தேன்.

நாமெல்லாம் அறுபதைத் தாண்டியவர்கள். ஆளுக்கொரு மாத்திரை டப்பா வைத்திருக்கிறோம். இந்த வயதில் எதையும் இனிப்பாக நினைத்துக்கொள்ளவே மனசு வரும். எனக்கும் வருகிறது. ரப்பர்ப் பால் ஸ்டோரின் புளிப்பு வாசனைகூட இப்போது நினைத்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் தங்கச்சி ஞாபகத்துக்கு வந்ததும் எல்லாம் கசந்துவிடுகிறது. அவள் நம்மோடு அந்தக் கூடத்தில் உட்கார்ந்தவள். நீங்கள் மறந்துவிட்டீர்கள், அல்லது மறந்த மாதிரி இருக்கிறீர்கள். அவள் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவளா இல்லையா என்பதுதான் நான் எழுதப்போகும் விஷயம்.

பள்ளிக்கூடம் பால் ஸ்டோருக்கும் புகைக்கூடத்துக்கும் நடுவில் இருந்தது. ஒரே கூடம், தகரக் கூரை. முதல் மூன்று வகுப்புக்கும் அதே கூடம்தான், அதே வாத்தியார்தான். காலையில் ஸ்டோரிலிருந்து அமிலம் ஊற்றிய பாலின் புளிப்பு வரும். வெயில் ஏறினால் ரப்பர் ஷீட்டைக் காய வைக்கும் புகை வரும். ஸ்டோருக்குப் பின்னால் ஒட்டுப்பால் மூட்டைகள். மரத்தில் வெட்டின கோட்டிலேயே காய்ந்து, பட்டையும் அழுக்கும் சேர்ந்து கறுத்துப்போன பாலை உரித்துப் போடுவார்களே, அதுதான். மழை பெய்து வெயில் அடித்தால் அந்த மூட்டைகளிலிருந்து கிளம்புகிற நாற்றத்தை, வெளியாள் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. நாம் அதிலேயே பிறந்தவர்கள், நம் மூக்குக்கு அது தெரியாது. வாத்தியார் மூக்குக்குத் தெரிந்தது. அவர் சுங்கைப்பட்டாணி டவுன்காரர்.

அன்றைக்கு ரொட்டிக் கடையில் அவருடைய கைக்குட்டையைப் பற்றி என்னமாய்ப் பேசினீர்கள். "என்னா வாசனலா அவரு மேல! வெள்ளக் கைக்குட்ட, அத்தரு!" சரி, அந்தக் கைக்குட்டை எதற்கு என்று யாராவது யோசித்தீர்களா? நம் பெஞ்சுப் பக்கம் வரும்போது மூக்கைப் பொத்திக்கொள்ள. முன் பெஞ்சு வரைக்கும் அது சட்டைப் பையில் இருக்கும். பின்னால் போகப் போக வெளியே வரும்.

எனக்கு ஞாபகம் இருப்பது அவருடைய விரல். புத்தகத்தில் பக்கம் திருப்ப ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுக்கொள்வார். நாக்கு வெற்றிலைக் காவியில் சிவந்திருக்கும். எவனாவது தப்பாக வாசித்தால் அதே ஈர விரலை அவன் நெற்றியில் வைத்து அழுத்தித் தள்ளுவார். "உள்ள என்னடா இருக்கு, பாலா தண்ணியா?" என்பார். அந்த ஈரத்தைத் துடைக்கக் கூடாது. துடைத்தால் ரோத்தான் பிரம்பு பேசும். அது தானாகக் காய வேண்டும், காயும்போது தோல் இழுக்கும். இன்று வரைக்கும் கோவிலில் ஐயர் விபூதி பூச வந்தால் நான் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறேன். எனக்குத் திமிர் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது வரிசைகளுக்கு வருகிறேன். இதைச் சொல்லித்தான் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

வருஷம் பிறந்ததும் ஒரு பரீட்சை வைப்பார். எண்ணச் சொல்வார், எழுத்தைக் காட்டிக் கேட்பார். அதை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைப்பார். முன்னால் உட்காருகிறவர்கள் 'ஷீட்'. நடுவில் 'கட்டிப்பால்'. கடைசியில், ஜன்னல் ஓரம், கால்வாய் நாற்றம் அடிக்கிற இடத்தில், 'ஒட்டுப்பால்'. ஸ்டோரில் பாலைத் தரம் பிரிக்கிறார்களே, அதே பெயர்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தோட்டத்துப் பாஷையிலேயே புரிய வைக்கிறாராம். தோட்டமே அதை ரசித்தது. காலையில் ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக் களத்தில் என் அப்பா சத்தமாகச் சொல்வார்: "நம்ம பய ஷீட்டுய்யா!" பக்கத்து வீட்டுக்காரர் தன் பிள்ளையைப் பார்த்து, "இது ஒட்டுப்பாலு, மூட்ட கட்டித்தான் போடணும்" என்பார். சொல்லிவிட்டு அவரும் சிரிப்பார். சொந்தப் பிள்ளையைக் குப்பை என்று சொல்லிச் சிரிக்கிற தகப்பன்மார்களுக்கு நடுவில்தான் நாம் வளர்ந்தோம். நினைத்தால் சீ என்றிருக்கிறது.

பழைய காலத்து அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். என் பேரன் தாடிக்கா பாலர் பள்ளிக்குப் போகிறான், ஐந்து வயது. மருமகளின் கைப்பேசிக்கு ஆசிரியை படம் அனுப்புகிறார். பிள்ளைகளின் பெயருக்கு நேராக பச்சை, மஞ்சள், சிவப்பு வட்டங்கள். எல்லாப் பெற்றோரும் எல்லாப் பிள்ளைகளின் வட்டத்தையும் பார்க்கலாம். போன மாதம் இவனுக்கு எழுத்தில் சிவப்பு. சிவப்புக்கு மலாயில் மேரா. சோற்றில் கை வைத்துக்கொண்டே என் மகன், "எங்கடா நம்ம வூட்டு மேரா?" என்று கூப்பிட்டுச் சிரிக்கிறான். பிள்ளையும் ஓடி வந்து சிரிக்கிறான், என்னவோ செல்லப் பெயர் என்று. நான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன். "என்னாப்பா ஆச்சி?" என்றான் மகன். வயிறு சரியில்லை என்றேன்.

தங்கச்சி பள்ளிக்கூடத்துக்கு வந்த வருஷம் நான் மூன்றாம் வகுப்பு, ஷீட் வரிசை. பரீட்சைக்கு முதல் நாள் ஒரு விஷயம் நடந்தது. அப்போது அது எனக்கு ஒன்றுமாகப் படவில்லை. ஆபீஸ் கிராணி மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வந்தார். தோட்டத்துக் கணக்கெல்லாம் பார்க்கிறவர், துரைக்கு அடுத்தபடி நாமெல்லாம் பயந்த ஆள்.

"சார், ஆயா கெடந்து கத்துது. ஒத்த ஆளா அத்தன தொட்டில ஆட்ட முடியலியாம். தொர இன்னொரு ஆள் போட மாட்டேங்கிறாரு. பொம்பளப் புள்ள எதாச்சும் கெடைக்குமா?"

வாத்தியார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "பரிச்ச முடியட்டும். எப்பிடியும் நாலு ஒட்டுப்பாலு தேறும். அப்பறம் பாப்போம்" என்றார்.

ஆயாக் கொட்டகை ஞாபகம் இருக்குமே. தாய்மார்கள் பால் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம். நாமெல்லாம் அங்கே தொட்டிலில் கிடந்து வளர்ந்தவர்கள்தான். பள்ளிக்கூடத்தில் கழித்துவிட்ட பெண் பிள்ளைகள் அங்கே தொட்டில் ஆட்டப் போவார்கள். "கொஞ்ச நாளைக்கு" என்றுதான் சொல்வார்கள். போன பிள்ளை எதுவும் திரும்பி வந்து நான் பார்க்கவில்லை. குழந்தை தூக்கிக் கொஞ்சம் வளர்ந்ததும் நேராகப் புல் வெட்டப் போய்விடும்.

தங்கச்சிக்குப் பரீட்சை பற்றிப் பயமே இல்லை. எண்ணத் தெரியும் என்று அவளுக்கு அவ்வளவு பெருமை. அவள் எண்ணக் கற்றது தோட்டத்துக் கடையில். அம்மா பால் வெட்டி முடித்துவிட்டு அந்தக் கடையில் அரிசி அளந்து கொடுக்கும் வேலைக்குப் போவாள். தங்கச்சி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அம்மா படியால் அள்ளிக் கொட்டும்போது கூடவே எண்ணுவாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. காதில் விழுந்ததை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

அரிசி அளக்கும்போது நம் ஆட்கள் முதல் படியை 'ஒண்ணு' என்று சொல்ல மாட்டார்கள். 'லாபம்' என்பார்கள். அடுத்த படியிலிருந்துதான் ரெண்டு, மூணு. கப்பலில் நம்மோடு வந்த வழக்கம். அரிசி வாங்கித் தின்ற எல்லோருக்கும் தெரியும்.

வாத்தியார் ஒரு பிஸ்கட் டின்னிலிருந்து ரப்பர் கொட்டைகளை மேசையில் கொட்டினார். "பத்து எண்ணி இந்தப் பக்கம் வையி" என்றார். தங்கச்சி பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். முதல் கொட்டையை எடுத்து வைத்தாள்.

"லாபம்."

கூடம் முழுக்கக் கேட்கும்படி கணீரென்று சொன்னாள். அப்புறம் ரெண்டு, மூணு என்று பத்து வரைக்கும் ஒன்று தப்பாமல் போனாள். முடித்துவிட்டு நிமிர்ந்து வாத்தியாரைப் பார்த்தாள். நன்றாகச் செய்துவிட்டோம் என்ற முகம் அது.

"மொதல்ல என்னா சொன்ன?"

"லாபம், சார்."

நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். வாத்தியாரும் சிரித்தார். "என்னா, யாவாரம் பண்ண வந்தியா? ஒங்கப்பன் கடையா இது? திரும்ப எண்ணு."

அவளுக்கு எங்கே தப்பு என்று தெரியவில்லை. வேகமாக எண்ணிவிட்டோமோ என்று நினைத்து, இன்னும் நிதானமாக, மறுபடியும் லாபத்திலிருந்து ஆரம்பித்தாள். மறுபடியும் சிரிப்பு. இன்னொரு தடவை எண்ணச் சொன்னார். இந்தத் தடவை குரல் வெளியே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அவர் விரலை நாக்கில் தொட்டு அவள் நெற்றியில் வைத்துத் தள்ளினார். "ஒட்டுப்பாலு" என்றார். மேசையில் பத்துக் கொட்டை சரியாக இருந்தது. அதை அப்படியே டின்னுக்குள் வழித்துப் போட்டுவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

ஒட்டுப்பால் வரிசைக்குப் பாடம் கிடையாது. சிலேட்டும் கிடையாது. சிலேட்டுகள் பள்ளிக்கூடத்து அலமாரியில் இருந்தன, எல்லோருக்கும் போதாது. "ஒட்டுப்பாலுக்கு எதுக்குச் சிலேட்டு, வீணாத் தேஞ்சி போவும்" என்று அதற்கும் ஒரு ஜோக் வைத்திருந்தார். பையன்கள் அவருடைய பயற்றங்காய்க் கொடிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். பெண் பிள்ளைகள் கூடம் கூட்டினார்கள். நம் சிலேட்டுகளை அவர்கள்தான் கழுவ வேண்டும். நாம் எச்சில் துப்பி அழித்து, அரைகுறையாக வெள்ளை படிந்து, கொழகொழவென்று நாறுகிற சிலேட்டுகள். என் தங்கச்சி அதையெல்லாம் சாம்பல் போட்டுத் தேய்த்துக் காய வைத்துக்கொண்டிருந்தாள். எழுதுவதற்கு ஒரு நாளும் அது அவள் கைக்கு வரவில்லை.

வீட்டில் அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "வாத்தியாரு சும்மாவா சொல்வாரு?" அம்மாதான் அழுதாள். தான் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தாள். கடையில் தன் வாயால் கேட்டுத்தானே பிள்ளை தப்பாக எண்ணியது என்று அவளுக்கு ஒரே வேதனை. அதற்கு அவளே ஒரு வழியும் கண்டுபிடித்தாள். இனிமேல் அரிசி அளக்கும்போது 'ஒண்ணு' என்றே ஆரம்பிப்பாள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை சரியாகக் கேட்டுக்கொள்ளும். கடைக்காரருக்குக் கேட்டால் கத்துவார். ஆகவே அவர் உள்ளே போன நேரம் பார்த்து 'ஒண்ணு' என்பாள். படிப்பு இல்லாத பொம்பளை, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க இவ்வளவு திருட்டுத்தனம் பண்ண வேண்டியிருந்தது.

ஒரு மாதப் பிறப்பன்று நானும் கடையில் இருந்தேன். வாத்தியார் சைக்கிளில் வந்தார், அரிசி வாங்க. கடைக்காரர் உள்ளே இருந்தார். அம்மா பையை விரித்து, முதல் படியை அள்ளிக் கொட்டி, "ஒண்ணு" என்றாள்.

வாத்தியார் பதறிப்போய் அவள் கைக்கு நேராகத் தன் கையை நீட்டினார். "இரும்மா, இரும்மா! மாசப் பொறப்பும் அதுவுமா என்னா ஒண்ணுங்கிற? நல்லாவா இருக்கு? கொட்டு, மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பி. லாபம்னு சொல்லு."

அம்மா அந்த அரிசியைத் திரும்ப மூட்டையில் கொட்டினாள். மறுபடி அள்ளினாள். "லாபம்" என்றாள். சத்தமே இல்லை.

தங்கச்சி எழுந்து நின்றுவிட்டாள். "சார், லாபம் தப்புன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அதற்குள் கடைக்காரரும் வெளியே வந்துவிட்டார். வாத்தியார் கொஞ்சம்கூட அசரவில்லை. குனிந்து அவள் கன்னத்தைக் கிள்ளினார். "கடையில லாபம். பள்ளிக்கூடத்துல ஒண்ணு. இது தெரியாமத்தானே நீ அங்க ஒக்காந்திருக்க?" என்றார். கடைக்காரர் சிரித்தார். அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பதைத் தவிர வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. வாத்தியார் அரிசிப் பையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்.

ரொம்ப வருஷம் அந்தப் பதில் எனக்குக் கெட்டிக்காரத்தனமாகவே தெரிந்தது. நானும் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன், வாத்தியாருக்கு எவ்வளவு சாதுர்யம் பாருங்கள் என்று. எனக்கே பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைக்கு எண்ணச் சொல்லிக் கொடுத்த நாளில்தான் உறைத்தது. கடையில் லாபம், பள்ளிக்கூடத்தில் ஒண்ணு. இந்த ஒரே வாக்கியத்தை அன்றைக்குப் பரீட்சை மேசையில் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை அங்கேயே பிடித்துக்கொண்டிருக்கும். சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதைச் சொல்லத்தானே அந்த ஆளை அங்கே உட்கார வைத்திருந்தார்கள்? ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரியாததைச் சொல்லிக் கொடுக்காமல், தெரியவில்லை என்று கண்டுபிடித்ததோடு வேலை முடிந்தது என்று எழுந்து போகிறவனுக்குப் பெயர் வாத்தியாரா? அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும், எங்கே கற்றது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கழித்துவிட்டார். கிராணிக்குத் தொட்டில் ஆட்ட ஆள் வேண்டியிருந்தது.

வருஷ நடுவில் இன்னொரு பரீட்சை உண்டு. ஒட்டுப்பாலிலிருந்து மேலே வர அதுதான் ஒரே வழி, தவறினால் ஆயாக் கொட்டகை. நான் தினமும் குழாயடியில் வைத்து அவளுக்கு எண்ணச் சொல்லிக் கொடுத்தேன். அதில் சொல்லிக் கொடுக்க என்ன இருந்தது? முதல் வார்த்தையை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். வாளி நிரம்புவதற்குள் நூறு வரைக்கும் போய்விடுவாள். போய்விட்டுப் பின்னாலிருந்தும் திரும்பி வருவாள். குளிக்க வந்த பொம்பளைகள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

பரீட்சையன்று ஆயா ஏற்கெனவே வந்திருந்தது. இடுப்பில் ஒரு குழந்தையோடு, வெளியே கட்டையில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தது. பரீட்சை அப்போது ஆரம்பிக்கவேயில்லை.

வாத்தியார் கொட்டைகளைக் கொட்டினார். தங்கச்சி முதல் கொட்டையை எடுத்து, "ஒண்ணு" என்றாள். சிரிக்கத் தயாராக இருந்த கூடம் அடங்கிவிட்டது. அவள் பத்தில் நிற்கவில்லை, மேசையில் இருந்த அத்தனையையும் எண்ணித் தள்ளிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். வாத்தியார் வெளியே ஆயாவை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் அலமாரியைத் திறந்து ஒரு சிலேட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"எண்ணறது இருக்கட்டும். எழுதத் தெரியணும்ல? அஞ்சு எழுது."

அவள் கழுவிய சிலேட்டுதான். பலப்பத்தை முஷ்டியில் பிடித்தாள், பால் வெட்டுகிற கத்தியைப் பிடிப்பதுபோல. வேறு எப்படிப் பிடிப்பது என்று அவளுக்கு யார் காட்டினார்கள்? அழுத்தினாள். கிரீச்சென்று ஒரு கோடு விழுந்து பலப்பம் ஒடிந்துவிட்டது. இந்தத் தடவை கூடம் பலமாகச் சிரித்தது. அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த சிரிப்பு அல்லவா?

ஆயா எழுந்து வந்தது. அது கெட்ட மனுஷி இல்லை. "வா தாயி" என்று கையைப் பிடித்தது. தங்கச்சி வாசல் வரை போய்விட்டுத் திரும்பினாள்.

"சார், நாளைக்கி வரலாமா?"

வாத்தியார் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். "எழுதக் கத்துக்கிட்டு வா" என்றார்.

பள்ளிக்கூடத்துக்கு வருவதற்கு எழுதக் கற்றுக்கொண்டு வர வேண்டுமாம். இதைத்தான் தங்க எழுத்தில் போட்டிருக்கிறீர்கள்.

ஆயாக் கொட்டகை எப்படி நாறும் என்று உங்களுக்குத் தெரியும். நனைந்த சாரோங் துணித் தொட்டில்கள், திரிந்த பால், ஈ. பள்ளிக்கூடம் விட்டு நான் அந்த வழியாகத்தான் வீட்டுக்கு வருவேன். இரண்டு கையிலும் இரண்டு கயிறு, இரண்டு தொட்டில்களை ஒன்றாக இழுத்துக்கொண்டிருப்பாள். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நீ சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு நாள் பென்சிலும் தாளும் கொண்டுபோய் அவள் கையைப் பிடித்து எழுத வைக்கப் பார்த்தேன். பென்சிலைத் தூக்கிக் கால்வாயில் எறிந்துவிட்டாள். "எனக்கு வராதுண்ணே. நான் ஒட்டுப்பாலு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, தன் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அப்புறம் புல் வெட்டினாள், பால் வெட்டினாள். தோட்டத்தை விற்று, ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை போட்ட பிறகு சுங்கைப்பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனாள். பஸ்ஸின் நிறத்தைப் பார்த்து ஏறுவாள். ஒரு தடவை கம்பெனிக்காரன் பஸ்ஸுக்குப் புதுச் சாயம் அடித்துவிட்டான். அன்றைக்கு வேறு பஸ்ஸில் ஏறிக் குரூண் வரைக்கும் போய், அழுதுகொண்டே திரும்பி வந்தாள். வீட்டுக்கு வந்தவள், எத்தனை பேர் சிரித்திருப்பார்கள் என்றுதான் என்னிடம் முதலில் கேட்டாள்.

போன வாரம் சிடாம் கிரியில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அழைப்பிதழ் என் சட்டைப் பையில் இருந்தது. படத்தைப் பார்த்ததுமே பிடுங்கிக்கொண்டாள்.

"அண்ணே, இது நம்ம வாத்தியாருல்ல? என்னாண்ணே இப்பிடி எளச்சிப் போயிட்டாரு. என்னா போட்டிருக்கு, படி."

படித்தேன். முன்னாள் மாணவர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும், ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டு மாலை போடுவார்கள் என்று போட்டிருக்கிறது. அவள் தாளைத் திரும்ப மடித்தாள். அறுபது வயசுக்கு மேல் ஆன முகம், கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கியது.

"நானும் அர வருஷம் படிச்சேன்லண்ணே? என்னையும் கூப்புடுவாங்கல்ல?"

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அந்த ஆள் உன்னை என்ன செய்தான் என்று தெரியுமா என்று உலுக்க வேண்டும்போல இருந்தது. அவளுக்கு அவர்மேல் கோபமே இல்லை. அவர் சொன்னது சரி, தனக்குத்தான் மூளை இல்லை என்று இன்று வரைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு தடவை, பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்று யாராவது அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். கட்டாயம் கூப்பிடுவார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாளே பச்சைச் சேலை ஒன்றை எடுத்து, அதற்கு ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டாளாம். மகள் போன் பண்ணிச் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான், தலைவரே, நான் உங்களைக் கூப்பிட்டேன். என் பக்கத்தில் ஷீட் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் நீங்கள். நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்து கூட்டவில்லை.

"ஒன் தங்கச்சியா? அது எங்கய்யா நம்மகூடப் படிச்சிச்சி? ஆயாக் கொட்டகையிலதானே கெடந்துச்சி. மேடையில கூப்ட்டா நாளைக்கி எல்லாரும் எங்களையும் கூப்புடுன்னு கேப்பாங்கலா. வேணும்னா சாப்பாட்டுக்கு வரட்டும், அது ஒண்ணும் பெரச்சன இல்ல."

ஆக, மலருக்கு என்னிடம் இருப்பது இதுதான். போடுங்கள், அல்லது கிழித்து எறியுங்கள். ஆனால் ஒரு வேலை மட்டும் என்னால் முடியாது, அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். வீடு உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள், இருப்பாள். பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் தேடி வந்திருக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டுச் சொல்லுவாள், நாற்காலியைத் துடைத்துப் போடுவாள். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, சாப்பாட்டுக்கு மட்டும் வந்தால் போதும் என்று அவளிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.